மலையில் விழிக்காத சென்சார்

கலாவதிக்கு அந்தக் காரில் ஒரே இடம்தான்: முன்சீட்டின் இடது ஓரம், கதவை ஒட்டி. அவளுடைய முழங்காலுக்கு எதிரே, வீட்டுச் சுவரில் விளக்குக்கு வைப்பார்களே அந்த மாதிரிக் கறுப்புச் சுவிட்ச் ஒன்று மரத்துண்டில் திருகி வைக்கப்பட்டிருந்தது. கொட்டச்சேட்டிலிருந்து ஏற்காடு வழியாகச் சேலத்துக்கு அந்தப் பழைய பியட் போகும்போதும் வரும்போதும் அந்தச் சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும் அவள் வேலை. போட்டால் ரேடியேட்டரை ஒட்டியிருக்கும் பேன் சுற்றும், இஞ்சின் சூடு தணியும். போடாவிட்டால் மேல் வளைவுகளில் ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து வண்டி பொங்கிவிடும். போட்டதை அணைக்க மறந்தால் பேட்டரி இறங்கிவிடும், ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். சூட்டைக் காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. பாதத்தில் ஏறும் வெப்பத்தையும், பானட்டுக்குள் கேட்கும் மெல்லிய கடகடப்பையும், இரும்பு காய்கிற வாசனையையும் வைத்து அவளே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

அவள் கூட்டத்துக்குக் கூசுகிறவள். மலையடிவாரத்தில் பிறந்து, அம்மா கல்லுடைக்கப் போக ஆரம்பித்ததும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். நாலு பேர் பேசுகிற இடத்தில் வாயே திறக்கமாட்டாள். ஆனால் எதையும் பார்க்காமல் விடமாட்டாள். கல்யாணமாகி மலையேறி வந்தபின், எஸ்டேட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் கொட்டகையில் ஆயா வேலை கிடைத்தது. வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், ஒரு பால் அடுப்பு, ஒரு ஜன்னல். பசிக்கு அழுவது எது, எறும்பு கடித்து அழுவது எது என்று அவளுக்கு நடந்து வரும்போதே தெரிந்துவிடும். அந்தக் கொட்டகைக்குள் அவள் பாடக்கூடச் செய்வாள். வெளியே யாரும் அவள் பாடிக் கேட்டதில்லை.

அந்தச் சமர்த்துதான் அவளுக்கு வினையாக வந்தது.

தொண்ணூறாம் வருஷம் சித்திரையில் அவள் கணவன் மாதேஸ்வரன் எஸ்டேட் லாரி ஓட்டும் வேலையை விட்டுவிட்டு, சேலத்தில் யாரோ ஓட்டிக் கழித்த பியட் ஒன்றை வாங்கி வந்தான். பஸ் வராத நேரத்தில் ஆள் ஏற்றி ஓட்டலாம் என்பது அவன் கணக்கு. பழைய சொந்தக்காரர் அந்த வண்டியில் இஞ்சினோடு சேர்ந்து சுற்றும் இறக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு, கரண்டில் ஓடும் பேன் ஒன்றைப் பொருத்தியிருந்தார். தண்ணீர் சூடானால் அது தானாகச் சுற்றும், ஆறினால் தானாக நிற்கும். அதற்கு உத்தரவு கொடுப்பது ரேடியேட்டரின் பக்கத்தில் முடுக்கியிருந்த கட்டைவிரல் அளவுப் பித்தளைச் சாமான். சென்சார் என்றார்கள். அதில் பெயர் இல்லை, எண் இல்லை. எழுத்து இருந்த இடத்தை யாரோ அரம் போட்டு ராவியிருந்தார்கள்.

சேலத்தில் ஓட்டிப் பார்த்தபோது பேன் தானாக வந்தது. மலையேறும்போது கீழ் வளைவுகளில் ஒரு குறையும் இல்லை. உச்சிக்குப் பக்கத்தில் வந்ததும் வண்டி பொங்கி, பானட்டின் இடுக்கெல்லாம் ஆவி. பேன் அசையவில்லை.

ஏற்காட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த ஐயாக்கண்ணு அந்தச் சாமானைக் கழற்றினார். டீக்கடையிலிருந்து ஒரு பாத்திரம் வாங்கி, ஸ்டவ்வில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டார். சென்சாரின் இரண்டு முனையிலும் ஒயரைக் கட்டி, டார்ச் பல்பையும் பேட்டரிக் கட்டையையும் சேர்த்து, பித்தளை முனையைக் கொதிநீரில் பிடித்தார். நன்றாக இருக்கிற சென்சார் என்றால் பல்பு எரிய வேண்டும். எவ்வளவு நேரம் பிடித்தும் எரியவில்லை.

"செத்துப்போச்சு மாதேசு. பொணத்தை வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டுனா பொங்காம என்ன பண்ணும்?"

"புதுசு போட்டுருங்க."

"எதைப் போடறது? இது எந்த வண்டிச் சாமான்னே தெரியல. இந்தத் திருகு மரை நம்ம ஊரு வண்டி எதுலயும் இல்ல. சீமையிலருந்து வந்த மெஷின்லருந்து புடுங்குனதோ என்னமோ."

ஓட்டையில் ஒரு போல்ட்டை முறுக்கி அடைத்துவிட்டு, பேனுக்கு நேராகச் சுவிட்ச் வைத்துக் கொடுத்தார். முதலில் அது மாதேஸ்வரனின் கைப்பக்கம்தான் இருந்தது. கொண்டை ஊசி வளைவில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் எதிரே இறங்குகிற பஸ்ஸில். அவன் போட மறந்து இரண்டு முறை பொங்கவிட்டான். மூன்றாம் முறை மறக்காமல் போட்டான், அணைக்க மறந்தான். அன்று இரவே சுவிட்சைப் பிடுங்கி இடது பக்கம் மாற்றினான்.

"கலா, நாளைக்கு நீ கூட வா."

"நானெதுக்குங்க?"

"புள்ளைக அழுகறதுக்கு முந்தியே கண்டுபுடிக்கிறவ நீயி. இஞ்சின் அழுகறது தெரியாதா?"

"கொட்டகையில பாப்பாங்க இருக்குதுங்களே."

"சென்சார் கெடைக்கிற வரைக்கும்தான். நாலு நாளு."

எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் நல்ல மனுஷர். வேலையை எடுத்துவிடவில்லை. மழைக்காலத்தில் வேலை குறைவு, முட்டிவலிக்காரியான ராசம்மாள் அதுவரை கொட்டகையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். "காப்பிப் பழம் எடுப்பு ஆரம்பிக்கிற அன்னிக்கு நீ வந்து நிக்கணும் அம்மிணி. அன்னிக்கு வரலைன்னா ராசம்மா பேரையே போட்டுருவேன். அப்பறம் எங்கிட்ட அழுகக்கூடாது."

நாலு நாள் என்பது ஆடியாகி, ஆவணியாயிற்று.

முன்சீட்டில் மூன்று பேர். நடுவே உட்காரும் ஆள் பெண்ணாக இருந்தால் அவளுக்கு மூச்சு வரும். ஆணாக இருந்தால் கதவோடு கதவாக ஒட்டிக்கொள்வாள். ஜன்னல் கண்ணாடி இறங்காது. சேலத்தில் ஆள் சேருகிற வரைக்கும் வெயிலில் அதே சீட். தண்ணீர் குடிக்கப் பயந்து உதடு காய்ந்தே கிடக்கும், ஏனென்றால் வழியில் நிறுத்தச் சொல்ல அவளுக்கு நாக்கு எழாது. ஆள் ஏறும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் அவளையும் சுவிட்சையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

மஞ்சக்குட்டையிலிருந்து பழக்கூடையோடு வரும் சித்தனுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏம்ப்பா மாதேசு, ஊட்டுல அடுப்பு ஊதறவளைக் கூட்டியாந்து கார்ல ஊதவெச்சிருக்கறயே. சம்பளம் உண்டா?"

"சம்பளமா? ஓசிக்கு ஊர் சுத்திக் காட்டறேன்."

"கண்ணு கலாவதி, உங்கூட்டுக்காரனுக்கும் ஒரு சுவிட்ச் வெச்சு உங்கையில குடுத்தா நொம்பப் பேருக்கு உபயோகமா இருக்கும்."

பின்சீட்டு முழுக்கச் சிரித்தது. அவள் குனிந்து சுவிட்சைத் தட்டினாள். பேன் சுற்றியது. சூடு ஏறியிருக்கவில்லை, சிரிப்பை மூட ஒரு சத்தம் வேண்டியிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடிகள் ஓடின. கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய். புரட்டாசி பிறந்ததும் வெயில் படும் சரிவுகளில் பச்சை வெளுக்கத் தொடங்கியது. ஐப்பசி வாக்கில் ஒன்றிரண்டு மஞ்சளாகும், அப்புறம் சிவக்கும், சிவந்தால் எடுப்பு. வண்டி வளையும் ஒவ்வொரு வளைவிலும் அவள் காய்களைத்தான் பார்த்தாள்.

ஒருநாள் வண்டி வீட்டுப் பக்கம் நின்றபோது ஓடிப்போய்க் கொட்டகையை எட்டிப் பார்த்தாள். ராசம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு. எப்ப வரப்போற?"

"சென்சார் கெடைச்சதும் வந்தர்றேங்க்கா."

"நீ வரலைன்னா எனக்கு நல்லதுதான், பொய் சொல்லமாட்டேன். சரிவுல ஏறி எறங்காம எம் முட்டி பொழைச்சுக்கும்." தொட்டிலை இன்னொரு தரம் தள்ளிவிட்டாள். "ஆனா இதுக நீ பாடுனாத்தான் தூங்குதுக. என் பாட்டுக்குப் பூராவும் முழிச்சுக்குது."

அன்றைக்கு இரவு கலாவதி கணவனிடம் வாய்விட்டுக் கேட்டாள். சாமானைச் சேலத்துக்கு எடுத்துப் போய் அதே மாதிரி ஒன்று தேடலாமே என்றாள். "தேடலாந்தான்" என்று அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுநாள் அவளே அதை முந்தானையில் முடிந்துகொண்டு ஏறினாள். சேலத்தில் வண்டி நின்றதும் முடிச்சை அவிழ்த்து அவன் கையில் வைத்தாள்.

அஸ்தம்பட்டிப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் சாமானை உருட்டிப் பார்த்தார். அவரும் மரை அளவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவரும் அடுப்பில் தண்ணீர் வைத்தார். அதே மாதிரி ஒயர், அதே மாதிரி டார்ச் பல்பு. தண்ணீர் கொதித்தது. கொஞ்ச நேரத்தில் பல்பு பளிச்சென்று எரிந்தது.

"யாருங்க இது செத்துப்போச்சுன்னது?"

"ஏற்காட்டுல."

"குளுர்ல அவருக்குக் கண்ணு தெரியலையாட்ட இருக்குது. நல்ல சாமானைக் கழட்டி எறிஞ்சுட்டு, பொம்பளையைப் புடிச்சு உக்கார வெச்சிருக்கறீங்க. கொண்டுபோய் மாட்டுங்க."

மாட்டினார்கள். மேல் வளைவில் பொங்கியது. ஐயாக்கண்ணு மறுபடியும் கழற்றிக் கொதிநீரில் பிடித்தார். எரியவில்லை.

"கீழ எரிஞ்சுதாமா? அந்தாளு ஒயரோட ஒயரை ஒட்டவெச்சு உனக்கு வித்தை காட்டிருக்கறான் மாதேசு."

"ரெண்டு பேருமே திருடனுக" என்று மாதேஸ்வரன் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தான். போல்ட் மறுபடியும் ஓட்டைக்குப் போனது, கலாவதி மறுபடியும் சுவிட்சுக்குப் போனாள்.

அவள் மட்டும் இரண்டு இடத்திலும் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். சேலத்துக்காரர் ஒயரை ஒட்டவைக்கவில்லை. அவர் கையை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஐயாக்கண்ணும் ஏமாற்றவில்லை. இரண்டு பாத்திரத்திலும் தண்ணீர் ஒரே மாதிரிக் குதித்தது. அப்படியானால் ஒரே சாமான் கீழே உயிரோடும் மேலே பிணமாகவும் எப்படி இருக்கும்? மேல் வளைவுகளில் அவள் காலடியில் சூடு ஏற ஏற இதுவே மனசுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை துவரம்பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு அவள் வெகுநேரம் நின்றாள். பருப்பு வேகவில்லை. வேகாதது புதிதல்ல. கல்யாணமான புதிதில் இந்த அடுப்பில் பருப்பு வேகாமல் மாமியாரிடம் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அடிவாரத்தில் அம்மா வீட்டில் அதே பருப்பு குழைந்துபோகும். மலைத் தண்ணீர் அப்படித்தான், கொதிப்பது போலக் கொதிக்கும், வேகவைக்காது என்று எல்லாப் பெண்களும் சொல்வார்கள். அவளும் சொல்வாள். தண்ணீரின் குணம் என்றே நினைத்திருந்தாள்.

ஒருவேளை இங்கே கொதிக்கிற தண்ணீருக்கே சூடு பத்தவில்லையோ?

பருப்பை இறக்கினாள். சென்சாரைக் கொண்டுவந்து, அவர்கள் கட்டின மாதிரியே ஒயரும் பல்பும் கட்டினாள். முதலில் கொதிநீரில் முக்கினாள். எரியவில்லை. ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, வடைச்சட்டியில் கடலை எண்ணெயைக் காயவைத்தாள். எண்ணெய் தண்ணீரைவிட எவ்வளவு சுடும் என்று கையில் தெறித்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். இடுக்கியில் பிடித்துப் பித்தளை முனையை மட்டும் எண்ணெயில் வைத்தாள்.

பல்பு எரிந்தது.

"ஏனுங்க, இங்க வாங்க."

மாதேஸ்வரன் முகத்தில் பாதிச் சோப்போடு வந்து எட்டிப் பார்த்தான்.

"சென்சார் சாகலீங்க. இதுக்கு நொம்பச் சூடு வேணும்ங்க. நம்மூர்த் தண்ணி அவ்வளவு சுடறதுக்கு முந்தியே கொதிச்சுப் பொங்கிருதுங்க."

"காயற எண்ணெய்ல போட்டா பொணங்கூடத் துள்ளும்" என்று அவன் மீதித் தாடியைச் சிரைக்கப் போய்விட்டான்.

மறுநாள் ஏற்காட்டில் ஆள் சேரும்வரை வண்டி நின்றது. ஐயாக்கண்ணின் ஷெட் நாலு கடை தள்ளி. அவள் கதவைத் திறந்து இறங்கினாள், நடந்தாள், ஷெட்டு வாசலில் நின்றாள். அவர் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. முகம் தெரியாதது அவளுக்கு வசதியாகப் போயிற்று. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே பருப்பையும் எண்ணெயையும் எரிந்த பல்பையும் சொல்லி முடித்தாள்.

கால் இரண்டும் மடங்கித் தரையை உந்தின. பிறகு மொத்த ஆளும் வெளியே நழுவி வந்தார்.

"எண்ணெய்ல எரிஞ்சுதா அம்மிணி?"

"எரிஞ்சுதுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "கீழ சமவெளியில ஓட்டுன ஆளு, அங்கத்தச் சூட்டுக்குப் பாத்து மாட்டிருக்கறான். செரி. ஆனா வண்டித் தண்ணி தொறந்து கெடக்கற பாத்திரத்துத் தண்ணி இல்லையே. மூடி இறுக்கமா இருந்தா ஆவி அடங்கி, குக்கராட்டம் சூடு ஏறிப் பேனை எழுப்பணுமே. எதுக்கு அதுக்குள்ளயே பொங்குது..." பேசிக்கொண்டே காரை நோக்கி நடந்தார். ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்துக் குப்புறத் திருப்பினார். உள்ளே ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி யாரோ ஒட்டியிருந்தார்கள். அதுவும் பாதி பிய்ந்து போயிருந்தது.

"வெயிட்டு இல்லாத குக்கரு" என்றார். "சாமானைப் போயித் தப்புச் சொல்லிட்டு இருந்தேன் நானு. மாதேசு, வேற மூடி வாங்கிட்டு வா. அந்தப் பொணத்தையும் கொண்டா, மாட்டுவோம்."

புது மூடியும் பழைய சென்சாருமாக அன்று சாயங்காலம் மலையேறினார்கள். கலாவதி கையை மடியில் வைத்துக்கொண்டாள். மேல் வளைவு வந்தது. பாதம் சுட்டது. கை தானாகச் சுவிட்சுக்குப் போனது, பாதி வழியில் இழுத்துக்கொண்டாள். இன்னும் சுட்டது. அடுத்த திருப்பத்தில் யாரும் தொடாமல் முன்னால் உய்ங்கென்று சத்தம் கிளம்பியது. சற்று நேரம் சுற்றிவிட்டு அதுவே நின்றது. இரண்டு வளைவு தாண்டி மறுபடியும் வந்தது.

"முழிச்சுக்கிச்சு" என்றான் மாதேஸ்வரன்.

அவள் காப்பிச் செடிகளைப் பார்த்தாள். சாலையோரத்துச் செடிகளில் பாதிக்கு மேல் சிவந்திருந்தன.

அந்த வாரம் முழுக்கப் பேன் ஒருமுறையும் தவறவில்லை. வாரக் கடைசியில், திங்கட்கிழமை எடுப்பு என்று ரைட்டர் சொல்லி அனுப்பினார். கலாவதி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், "திங்கக்கெழமையிலருந்து நான் கொட்டகைக்குப் போறேனுங்க."

அவன் நிமிரவில்லை. "எதுக்கு?"

"பேன்தான் தானா வருதுங்களே."

"இன்னிக்கு வருது. ஒருநாளைக்கு வராமப் போச்சுன்னா? எந்த ஊருச் சாமானுன்னே தெரியாது. அதை நம்பி ஆளுகளை ஏத்திக்கிட்டு எறங்கச் சொல்றியா? சுவிட்ச் அங்கயேதான் இருக்குது. நீயும் இரு."

"நாலு நாளுன்னு சொன்னீங்க."

"நீ பக்கத்துல இருந்தா எனக்கு ஒரு தெம்பு. அது உனக்கு ஏன் புரியமாட்டேங்குது?"

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னான். கோபப்பட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். எந்தச் சாமானையும் கண்டுபிடித்து மாட்டிவிடலாம், இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஞாயிறு முழுக்க யோசித்தும் சண்டை போடுகிற வார்த்தை ஒன்றுகூட அவளிடம் தேறவில்லை.

திங்கட்கிழமை காலையில் பனி இறங்கியிருந்தது. பெண்கள் கூடையும் கோணிச்சாக்குமாகத் தோட்டத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பியட் சாலையோரம் மூக்கைச் சரிவுப் பக்கம் வைத்து நின்றது. பின்சீட்டில் சித்தன் தன் கூடையோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர். எஸ்டேட் மருந்தகத்தில் நர்ஸாக இருக்கும் தேவகுமாரி சேலம் போவதற்காகப் பையும் குடையுமாக வேகமாக வந்தாள்.

"இடம் இருக்கா மாதேஸ்?"

"நடுவுல வாங்க சிஸ்டர். கலா, ஏறவிடு."

கலாவதி முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். தேவகுமாரி ஏறி நடுவுக்கு நகரப் பார்த்தாள்.

"அங்க வேண்டாங்க சிஸ்டர். கியர்ல முட்டி இடிக்கும். ஓரமா உக்காருங்க."

"அப்போ நீ?"

"நான் வரலீங்க."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு ஓங்கிச் சாத்தினால்தான் மூடும். ஓங்கியே சாத்தினாள்.

மாதேஸ்வரன் இந்தப் பக்கமாகக் குனிந்து, நர்ஸின் குடைக்கு மேலே அவள் முகத்தைத் தேடினான். நர்ஸை எழுப்பி இறக்க அவனால் முடியாது. தேவகுமாரி ஊசி போடாத வீடு அந்த எஸ்டேட் லைன் வீடுகளில் இல்லை. "கலா" என்றான். அவள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போப்பா மாதேசு, நாழியாகுது" என்றார் சித்தன் உள்ளேயிருந்து. "அதான் சிஸ்டர் இருக்காங்கல்ல. வண்டிக்குக் காய்ச்சல் வந்தா அவங்க பாத்துக்குவாங்க."

வண்டி உருண்டு இறங்கியது. அது கண்ணுக்கு மறையும்வரை கலாவதி தலையைத் தூக்கவில்லை. பிறகு கொட்டகைக்கு ஓடினாள்.

ரைட்டர் வாசலில் நின்று பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். ராசம்மாள் மடியிலிருந்த குழந்தையை அவளிடம் நீட்டிவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"வந்துட்டயாக்கும்" என்றாள். "எம் முட்டிக்கு யோகமில்ல." கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து சரிவில் இறங்கிப் போனாள். கலாவதி அவளை வெகுதூரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த குழந்தை அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தது.

மத்தியானம் குழந்தைகள் தூங்கிய நேரத்தில் கீழே கார் ஏறுகிற சத்தம் கேட்டது. எந்தத் திருப்பத்தில் இருக்கிறது, எந்தக் கியரில் இருக்கிறது எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. வேண்டாம் என்றாலும் காது அதைவிட்டு வரவில்லை. பாடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றிருந்தது. கார் கொட்டகைக்கு நேராகச் சாலையில் வந்து, இஞ்சினை அணைக்காமல் நின்றது.

ஹாரன் அடித்தது. அவளுக்கான ஹாரன், இரண்டு குட்டை, ஒரு நீளம்.

ஒரு தொட்டில் அசைந்தது. அவள் அதன் மேல் கையை வைத்தாள். வெளியே, நின்ற இடத்திலேயே சூடேறிய வண்டியில் பேன் தானாகக் கிளம்பிச் சுற்றியது. மறுபடியும் ஹாரன். யாரோ, "கலாவதி, உங்கூட்டுக்காரரு கூப்படறாரு" என்று குரல் கொடுத்தார்கள். ஜன்னலுக்குப் போனால் அவன் முகம் தெரியும். முகம் தெரிந்தால் கால் நடந்துவிடும். அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

பேன் நின்றது. கார் கியர் மாறி மேலே போயிற்று.

சாயங்காலம் வீட்டில் என்ன பேச்சு காத்திருக்கும், நாளைக் காலையில் நர்ஸ் இல்லாத வண்டியில் யார் அந்தச் சீட்டில் உட்காருவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு இன்னும் தெரியாது. தொட்டிலில் ஒன்று விழித்துச் சிணுங்க ஆரம்பித்தது. பசிச் சிணுங்கல். அவள் எழுந்துபோய்ப் பாலைச் சுடவைத்தாள்.